ஒரு படத்துக்கு நாற்பத்தொரு நிமிடம்

இன்னும் நூற்று இருபத்து மூன்று மணி நேரம் வேண்டும். கையில் இருந்தது எழுபத்தைந்து.

சண்முகப்பிரியா நோட்டின் பின்னட்டையில் கணக்கை இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள். தொள்ளாயிரம் படங்கள் பாக்கி. ஒரு படத்துக்கு நாற்பத்தொரு நிமிடம். கம்ப்யூட்டர் ஐந்து. எப்படிப் பெருக்கி எப்படி வகுத்தாலும் அதே நூற்று இருபத்து மூன்றுதான் வந்தது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மொத்தப் படமும் கோயமுத்தூரில் இருந்தாக வேண்டும்.

"எத்தன வருது அம்மணி?" என்று கேட்டான் கதிர்வேல். அவளுடைய அண்ணன். கேட்டது அவளைத்தான், முகம் என்னவோ ஜன்னல் பக்கம் இருந்தது.

சொன்னாள். வோல்டேஜ் பத்தவில்லை, அதுதான் காரணம் என்றான் அவன்.

கருமத்தம்பட்டியிலிருந்து சோமனூர் போகிற ரோட்டில், தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிறது அவர்கள் வீடு. வீட்டை ஒட்டித் தறிக்குடோன். இருபத்து நாலு தறிகள். குடோனுக்கு மேலே, முன்பு நூல் மூட்டை அடுக்கி வைத்திருந்த அறையில்தான் கம்ப்யூட்டர்கள் இருந்தன. கீழே தறி ஓடினால் மேலே தண்ணீர்ச் சொம்பில் வட்டம் வட்டமாக அலை எழும்பும். அந்த அறையில் பேசுகிறவர்கள் கொஞ்சம் உரக்கத்தான் பேச வேண்டும். பிரியாவுக்கு உரக்கப் பேச வராது. அதனால் எழுதிக் காட்டுவாள்.

கதிர்வேல் இஞ்சினியரிங் படித்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால், தறிக்கு வரமாட்டேன், கம்ப்யூட்டரில் படம் செய்யப்போகிறேன் என்று சொல்லி நூல் மூட்டையை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தான். முதலில் கல்யாண வீடியோவுக்குப் பெயர் போட்டான். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் பூவுக்குள்ளிருந்து பறந்து வரும். பிறகு நகைக்கடை, வேட்டிக் கம்பெனி என்று வந்தார்கள். இப்போது கையில் இருந்தது, ஆடியிலேயே பிடித்த ஒரு பம்ப்செட் கம்பெனியின் வேலை. வெள்ளிக்கிழமை தொடங்குகிற கண்காட்சியில் அவர்கள் கடையில் ஓட வேண்டிய படம். பம்ப் தானாகக் கழன்று, பாகம் பாகமாகக் காற்றில் நின்று, உள்ளே தண்ணீர் சுழன்று போவது தெரிந்து, மறுபடியும் ஒன்று சேர வேண்டும். நாற்பது விநாடி. விநாடிக்கு இருபத்தைந்து படம். ஒவ்வொரு படத்துக்கும் எங்கே வெளிச்சம் விழும், எங்கே நிழல் விழும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுத்தான் வரையும். ரெண்டரிங் என்று அதற்குப் பெயர். அம்மா சாந்தாமணி வாயில் அது நுழையவில்லை. "என்ன, வேகுதா?" என்றுதான் கேட்பாள். கேட்டுக் கேட்டு அறையிலும் அதுவே பழகிவிட்டது.

ஒரு கம்ப்யூட்டரில் வேகவைத்தால் மாசக்கணக்கில் ஆகும் என்றுதான் ஐந்தையும் ஒரே கறுப்பு வயரில் கோத்து வைத்திருந்தான். முதல் கம்ப்யூட்டர் வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்கும். மற்றவை ஆளுக்கொரு படமாக வாங்கி முடித்துத் திருப்பித் தரும். வைகாசியில் செய்த படம் இதே அளவுதான். ஒன்றுக்கு ஒன்பது நிமிடத்தில் வெந்தது. இதற்கு நாற்பத்தொன்று.

அப்பா தம்பிதுரை அதிகம் பேசுகிறவரில்லை. ஐப்பசியில் ஒரு படம் நேரத்துக்குப் போகாமல், வந்த பார்ட்டி திரும்பிப் போனபோது மட்டும் சொன்னார்: "இன்னொண்ணு பாக்கறேன் கதிரு. அதும் போகாட்டி, மேல பாவு மெசினை ஏத்திப்போடலாம். நீ கீழ வந்து உக்காரு." கதிர்வேல், சரிங்கப்பா என்றான். அந்த இன்னொன்றுதான் இது.

பிரியா பிசிக்ஸ் படித்தவள். முதல் வகுப்பு. படித்து முடித்து ஒரு வருடம் வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளை, மேலே வா, எனக்குக் கணக்குப் போட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டவன் கதிர்வேல். யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஒரு மூலை, ஒரு நோட்டு, பென்சில். அவள் வாழ்க்கையில் அதுவரை அவளுக்கென்று யாரும் ஒரு மூலை ஒதுக்கியதில்லை. அந்த அறை போனால் அவளுக்கும் போனதுதான்.

கம்ப்யூட்டர்களை விற்ற ரசாக்கிற்குக் கோயமுத்தூருக்குப் போன் போட்டார்கள். கதிர்வேல் ரிசீவரைப் பிரியாவிடம் கொடுத்துவிட்டான். இப்போதெல்லாம் அப்படித்தான், நம்பர் சுற்றுவதுகூட அவள்தான். ரசாக் பாய், சாப்பிட்டீர்களா என்பதில் தொடங்கி எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பாதி நோவு வயருல, மீதி நோவு மூடியில கண்ணு. வயரோட ரெண்டு தலையிலயும் மூடி இருக்கும் பாரு, அதத் திருகிப் பாரு மொதல்ல. உங்க ஊட்டுத் தறி ஆடற ஆட்டத்துக்கு எம்பட பல்லே கழண்டுரும், மூடி எம்மாத்திரம்?"

மேசைக்கடியில் ஊர்ந்து போய்ப் பார்த்தாள். ரசாக் பாய் சொன்னது சரி. கடைசி மூடி லூசாகித்தான் இருந்தது. திருகினாள். அடுத்த படம் முப்பத்தெட்டு நிமிடத்தில் வந்தது. மூன்று நிமிடம் மிச்சம், அதற்குமேல் ஒன்றுமில்லை.

அடுத்து ஒவ்வொரு பெட்டியையும் திறந்தாள். உள்ளே ஃபேனை மூடிப் பஞ்சு படிந்திருந்தது. கீழே தறியிலிருந்து எழும்பி, பலகைச் சந்து வழியாக ஏறி, உள்ளே போய் மெல்லிய துணி மாதிரி நெய்து வைத்திருந்தது. சைக்கிள் பம்பால் காற்றடித்துச் சுத்தம் செய்தாள். மூக்கெல்லாம் பஞ்சு. முப்பத்தேழு நிமிடம். நோட்டில் எழுதிக் கீழே கோடு போட்டாள்.

மத்தியானம் அரிசிம்பருப்புச் சாதம். கார்த்திகை மாசத்துக் குளிருக்கு அது சூடாக இறங்கினால் நன்றாக இருக்கும். கதிர்வேல் நெய்க் கிண்ணத்தை எடுக்கப் போய் ஊறுகாய்க் கிண்ணத்தை எடுத்தான். ஸ்பூனைச் சாதத்துக்குமேல் கொண்டுபோன பிறகு வாசனையில் தெரிந்து, திரும்ப வைத்தான்.

"மனசு பூரா மாடியில இருக்குது," என்றாள் அம்மா. "உடுமலப்பேட்டைக்காரங்க சாதகம் குடுத்து ஒரு மாசமாச்சு. ஒரு பேச்சுச் சொல்ல மாட்டீங்கற. பேசறப்பாவது மூஞ்சியப் பாத்துப் பேசு சாமி. காதப் பாத்துப் பேசறான் இப்பெல்லாம்."

"உங்க காதுல தோடு நல்லாருக்குதுங்கம்மா, அதான்," என்றான் கதிர்வேல். அம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவள் தோடு போட்டிருக்கவில்லை. திருகு தேய்ந்துபோய் ஆசாரியிடம் கொடுத்திருந்தாள். மகன் கேலி செய்கிறான் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள், பிரியாவும்தான்.

எதனால் இத்தனை மெதுவாக வேகிறது என்று அப்பா கேட்டார். கேட்டதே பெரிய விஷயம். அந்த அறையைப் பற்றி அவராக எதுவும் கேட்டதில்லை. கதிர்வேல் தட்டைப் பார்த்தபடி சொன்னான். தறி ஓடும்போது வோல்டேஜ் இறங்குகிறது. அதிர்வில் மூடி கழன்றுகொள்கிறது. கேட்டுக்கொண்டே அப்பா சாதத்தை முடித்தார், மோர் ஊற்றிக் குடித்தார், கை கழுவி, துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு தறி நின்றது. பிறகு இன்னொன்று. பிரியா எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபத்து நாலும் நின்றபோது தோப்பில் காற்று வீசுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்டது. ஆயுத பூஜைக்கும் சாவுக்கும் தவிர அந்த வீட்டில் தறி நின்று அவள் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வரைக்கும் தறி ஓடாது என்று சொல்லி அப்பா ஆட்களை அனுப்பிவிட்டார். சோமனூரிலிருந்து வியாபாரி போன் செய்து துணி எங்கே என்று கேட்டபோது, மோட்டார் ரிப்பேர் என்றார். அவர் பொய் சொல்லிக் கேட்டது பிரியாவுக்கு அதுதான் முதல் தடவை.

கதிர்வேல் மேலே ஏறிப் போகும்போது படியில் கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனான்.

புதன்கிழமை விடிந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தறி ஓடாத அறையில் ஐந்து கம்ப்யூட்டர்களின் மூச்சு மட்டும் கேட்டது. வோல்டேஜ் முள் ஆடாமல் நின்றது. சொம்புத் தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. பிரியா நேரத்தைப் பார்த்தாள். முப்பத்தேழு நிமிடம்.

நேற்றைக்கும் இன்றைக்கும் ஒரு நிமிடம்கூட வித்தியாசமில்லை.

அண்ணனிடம் எழுதிக் காட்டினாள். அவன் நோட்டை வாங்கி, முகத்தைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். பம்ப்செட் கம்பெனிக்காரரைப் பார்த்து ஒரு நாள் தவணை கேட்டுவருகிறேன் என்று கிளம்பினான். பைக் இருந்தும் பஸ்ஸுக்குத்தான் போனான். பைக் இரண்டு மாசமாகச் சாக்குப் போர்த்தி நின்றது. செயின் சரியில்லை என்பான்.

தனியாக உட்கார்ந்து பிரியா யோசித்தாள். காலேஜில் சோதனைச் சாலையில் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கழிக்கலாம் என்று தோன்றியது. தறியைக் கழித்தாயிற்று. பஞ்சைக் கழித்தாயிற்று. இனி வயரைக் கழித்தால்? ஐந்தாவது கம்ப்யூட்டருக்கு வேண்டிய எல்லாவற்றையும் அதற்குள்ளேயே ஏற்றி, வயரிலிருந்து பிரித்து, அதைத் தனியாக ஒரு படம் வேகவைக்கச் சொன்னாள். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

முப்பத்தாறு நிமிடம்.

ஆக, நோவு வயரிலும் இல்லை. இரண்டு நாளாக மேசைக்கடியில் ஊர்ந்ததெல்லாம் வீண். அந்த முப்பத்தாறு நிமிடமும் பெட்டியின் முன்னால் இருக்கிற சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்ததை அவள் பார்த்தாள். கம்ப்யூட்டருக்குத் தலையில் இடம் பத்தாமல் போனால்தான் அப்படி எரியும்; பாதியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு மீதியைப் பார்க்கும், மறுபடி எடுக்கும், மறுபடி வைக்கும். அப்படி எதைத்தான் தூக்கிச் சுமக்கிறது என்று பார்க்க, அண்ணனின் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

பம்ப்பின் மேல் ஒட்டுகிற ஏழு படங்கள். கம்பெனிப் பெயர், பித்தளைப் பட்டை, வார்ப்பு இரும்பின் சொரசொரப்பு, அப்படி. பெயர்த் தகடு டிவியில் ஒரு தீப்பெட்டி அளவுகூட வராது. அதற்கு அண்ணன் வைத்திருந்த படம், விரித்தால் சுவர் முழுக்க வரும். ஏழுமே அப்படி. ஒன்றே ஒன்று போதும் ஒரு கம்ப்யூட்டரின் தலையை நிரப்ப.

பிரியாவால் நம்ப முடியவில்லை. சேர்ந்த புதிதில் அவள் ஒரு வேட்டிக் கரையைப் பெரிதாக ஸ்கேன் செய்துவிட்டபோது இதே அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்: "நாலு வெரக்கடை எடத்துக்கு எதுக்கு அம்மணி நாலு மொழப் படம்? கண்ணுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு போதும். அதுக்கு மேல மெசினுக்குத்தான் பாரம்."

அவனா இப்படிச் செய்தான்?

பெயர்த் தகடு ஒன்றுக்கே நாலு கோப்புகள் இருந்தன. நாலும் அதே தகடு, அதே எழுத்து. தேதிகளைப் பார்த்தாள். ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முந்தின வாரம் எடுத்தது சின்னது, சரியான அளவு. ஆவணியில் அதையே இரண்டு மடங்காக எடுத்திருந்தான். புரட்டாசியில் நாலு மடங்கு. கார்த்திகை பிறந்ததும் எட்டு மடங்கு. ஒவ்வொரு தடவையும் மங்கலாக இருக்கிறது, பத்தவில்லை என்று நினைத்துத்தான் பெரிதாக எடுத்திருக்க வேண்டும். அவள் நாலையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஆடி மாசத்துப் படமே பளிச்சென்றுதான் இருந்தது.

நாலு படங்களையும் மூடினாள். தண்ணீர் குடிக்கக் கீழே போனாள்.

தறிக்குடோனில் ராசப்பன் மட்டும் இருந்தார். இருபது வருடமாக அங்கே தறி ஓட்டுகிறவர். வேலை இல்லை என்றாலும் வீட்டில் உட்கார முடியாமல் வந்து தறிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார்.

"ஏனுங்கம்மணி, எப்பங்க தறி போடறது? சத்தமில்லாம இருக்கறதுக்குக் காது கும்முனு அடைக்குதுங்க. ஊட்டுக்குப் போனா எம்பட சம்சாரம் பேசறது பூரா கேக்குது. இருவது வருசமா தப்பிச்சுட்டு இருந்தனுங்க."

பிரியா சிரிக்க முயன்றாள். ராசப்பன் எண்ணெய்த் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். இன்னும் ஏதோ சொல்ல இருப்பது தெரிந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. சின்னவரு எங்க மேல ஏதாச்சும் கோவமா இருக்கறாருங்களா?"

"இல்லீங்களே. ஏனுங்கண்ணா?"

"ஆடி நோம்பிக்கப்பறம் எங்களக் கண்டுக்கறதே இல்லீங்."

தறிக்குடோனில் வாயால் பேசினால் யாருக்கும் கேட்காது. கையால்தான் பேசுவார்கள். இரண்டு விரலைக் காட்டினால் நூல் தீர்ந்தது. குறுக்கே கையை இழுத்தால் இழை அறுந்தது. உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, துணியைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி தேய்த்துக் காட்டினால், துணி சுத்தம், ஒரு குறை இல்லை என்று அர்த்தம். அதை அப்பா யாருக்கும் லேசில் காட்டமாட்டார். கதிர்வேல் பத்து வயதிலேயே குடோனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கையால் கதை சொல்வான், எட்டு ஆட்களும் சிரிப்பார்கள் என்று ராசப்பனே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

"இப்ப நேருக்கு நேரா நின்னு கையக் காட்டறன், பாக்கறாரு, போயிட்டே இருக்கறாரு. மேல போயிட்டாரு, பெரிய ஆளாயிட்டாரு, நம்மள எதுக்குக் கண்டுக்கறாருன்னு நாங்களே பேசிக்கிட்டமுங்க. ஆனா நேத்தைக்குத் தறி நிறுத்துனப்பொறம் வந்தாருங்க. எழ அறுந்து கெடந்துது. கண்ணுல பாத்தா தெரியற எடம். அவரு பாவு மேல கைய வெச்சுத் தடவித் தடவிக் கண்டுபிடிச்சாருங்க. எனக்கு என்னமோ பண்ணிப்போச்சு அம்மணி. அதான் கேட்டன்."

அவள் படியேறினாள். காதைப் பார்த்துப் பேசுவது, ஊறுகாய்க் கிண்ணம், சாக்குப் போர்த்திய பைக், போன் நம்பர், சாய்த்துப் பிடித்த நோட்டு. ஒவ்வொரு படிக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது.

மேலே வந்து, செய்ய வேண்டியதைச் செய்தாள். ஏழு படங்களையும் ஆடி மாசத்து அளவுக்குச் சுருக்கினாள். அவசரத்தில் பெயர்த் தகட்டின் பெரிய படத்தை அழித்துவிட்டு, சின்னதை வேறு பெயரில் சேமித்துவிட்டாள். அது அவளுக்கு அப்போது தெரியவில்லை. ஒரு படத்தை வேகவிட்டாள். சிவப்பு விளக்கு அணைந்தது, மினுங்கியது, அணைந்தது. ஒன்பது நிமிடம்.

திரையில் பம்ப் வந்து நின்றது. பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நிழல் அதே நிழல், பித்தளை அதே பித்தளை. பெயர்த் தகடு மட்டும் வெறும் வெள்ளையாக இருந்தது. பழைய பெயரில் படத்தைத் தேடி, கிடைக்காமல் கம்ப்யூட்டர் வெள்ளையடித்துவிட்டிருந்தது. சரி செய்யலாம் என்று கை வைக்கும்போது படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதிர்வேல். தூறலில் நனைந்திருந்தான்.

"தவண இல்லைன்னுட்டாங்க அம்மணி," என்றான். பிறகு, "எத்தன நிமிசம்?"

"ஒம்பதுங்கண்ணா."

அவன் ஈரத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணின் ஓரத்தால் திரையைப் பார்த்தான். கழுத்து வலி என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்த அதே திருப்பம். வெகுநேரம் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"பேரு இப்பத்தான் அம்மணி சுத்தமா இருக்குது. என்ன பண்ணுன?"

பிரியா வெள்ளைத் தகட்டைப் பார்த்தாள். ஆமாங்கண்ணா என்று சொல்லிவிட்டு, அவன் போன பிறகு சரி செய்துவிடலாம். படம் நேரத்துக்குப் போகும். அறை இருக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது.

"அதுல பேரே இல்லீங்கண்ணா," என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்டது. தறி ஓடியிருந்தால் கேட்டிருக்காது.

கதிர்வேல் திரும்பவில்லை. ஜன்னல் பக்கமே இருந்தான். தென்னை ஓலையிலிருந்து தகரத்தில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.

"ஆசுபத்திரிக்குப் போனீங்களா?"

"ஆவணியில போனேன். மூணு தடவ." கையை மடியில் வைத்துக்கொண்டான். "கண்ணாடி போட்டா ஆகாதுங்கறாங்க. ஆப்பரேசனும் இல்லையாமா. ஓரத்துல இருக்கறது அப்படியே இருக்குமாம். நடுவுலதான் பார்வை போயிருச்சு."

"அப்பாகிட்டச் சொல்லீருக்கலாமுங்கல்ல?"

"அந்த டாக்டரு மொதல்ல என்ன கேட்டாரு தெரியுமா? உங்கப்பாம்மா ரண்டு பேரும் சொந்தமான்னு கேட்டாரு. ஆமாங்க, எங்கம்மா எங்கப்பாவுக்கு அத்த மகள்னு சொன்னேன். தலையாட்டிட்டே எழுதுனாரு. அத எப்பிடி அம்மணி நம்ம அம்மாகிட்டப் போய்ச் சொல்றது?"

பிரியா எழுந்து பெயர்த் தகட்டைச் சரி செய்தாள். ஐந்து கம்ப்யூட்டரையும் மறுபடி வயரில் கோத்தாள். எழுநூறு படம் பாக்கி, ஒன்பது நிமிடம், ஐந்து கம்ப்யூட்டர். இருபத்தொரு மணி நேரம். நாளை மத்தியானம் முடிந்துவிடும். அதை நோட்டில் எழுதினாள். காட்டப் போனவள், காட்டாமல் வாயால் சொன்னாள்.

"தறிய நிறுத்துனதுலதான் செரியாச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லிப்போடு," என்றான் கதிர்வேல்.

"அப்பறம் ஒவ்வொரு படத்துக்கும் நிறுத்துவாருங்கண்ணா. ராசப்பண்ணனெல்லாம் ஊட்டுல உக்காந்திருப்பாங்க."

"நாஞ் சொன்னா, என்னைய ஒரு எடத்துல உக்கார வெச்சுச் சோத்தப் போட்டுருவாங்க அம்மணி."

அது உண்மை. சின்ன மாமன் பெண் ஒருத்திக்குக் காது கேட்காமல் போனபோது அப்படித்தான் செய்தார்கள்.

நாலு மணி இருக்கும். தூறல் விட்டிருந்தது. கீழே வாசலில் செருப்பைக் கழற்றிவிடுகிற சத்தம் கேட்டது. அப்பா படியேறி வந்தார். அந்த அறைக்கு அவர் வந்தது, திறந்த அன்றைக்குச் சாமி கும்பிட வந்ததோடு சரி. உள்ளே வராமல் நிலைவாசலில் நின்றார். தறி ஓடாவிட்டாலும் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஐந்து திரைகளையும் வரிசையாகப் பார்த்தார். ஒரு திரையில் பம்ப் கழன்று, பாகமெல்லாம் காற்றில் நின்றது. இந்த வீட்டில் முப்பது வருடமாக பம்ப்செட்டோடு மல்லுக்கட்டியவர் அவர். அதை உற்றுப் பார்த்தார்.

"என்ன கதிரு, வேகுதா?"

"வேகுதுங்கப்பா. ஒம்பது நிமிசம். நாளைக்கு மத்தியானம் முடிஞ்சுரும்."

அப்பாவுக்குப் பேச வராது. பிரியாவுக்கும் அது அவரிடமிருந்து வந்ததுதான். அவர் வலது கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து மெதுவாகத் தேய்த்துக் காட்டினார். இரண்டு தடவை.

கதிர்வேல் அவர் இருந்த திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

அப்பாவின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. மகன் பதிலுக்குக் கையைத் தூக்குவான், குறைந்தபட்சம் சிரிப்பான் என்று காத்திருந்தது. பிறகு இறங்கியது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் தறி நிற்கட்டும், வேலை கெடக் கூடாது என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"அண்ணா," என்றாள் பிரியா. "அப்பா கையில சொன்னாருங்க."

கதிர்வேலின் தலை அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. "என்னன்னு?"

அவள் சொல்லவில்லை. அவன் கையை எடுத்து, அவன் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, ஒரு தடவை தேய்த்தாள்.

படியில் இரண்டு படி இறங்கியிருந்த அப்பா நின்று, திரும்பிப் பார்த்தார். இது என்ன விளையாட்டு என்பதுபோல மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

கதிர்வேல் எழுந்தான். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"தறியப் போடச் சொல்லுங்கப்பா. தறியினால இல்லீங்க."

"அப்பறம் என்னத்தினால?"

கீழே ராசப்பன் எண்ணெய்க் குப்பியைத் தரையில் வைக்கிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

"உங்க கை எனக்குத் தெரியலீங்கப்பா," என்றான். "மூஞ்சியும் தெரியறதில்ல. ஆடி நோம்பியிலிருந்து உங்க யாரு மூஞ்சியும் எனக்குத் தெரியறதில்லீங்க."